தமிழ்நாட்டில் பள்ளிப் பொதுத் தேர்வுகள் இரத்து (2020–2021)

தமிழ்நாட்டில் பள்ளிப் பொதுத் தேர்வுகள் இரத்து என்பது, கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் 2019–20, 2020–21 ஆகிய இரு கல்வியாண்டுகளில் தமிழ்நாடு அரசு பத்தாம், பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளின் பொதுத் தேர்வுகள் பலவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ கைவிட்டு, மாணவர்களைத் தேர்ச்சி பெற்றவர்களாக அறிவித்த நிகழ்வுகளைக் குறிக்கும். இந்த அறிவிப்புகள் பொதுப் பேச்சில் "ஆல் பாஸ்" என வழங்கின. தேர்வுகள் இரத்தான போதிலும் மதிப்பெண்ணின் தேவை இரத்தாகவில்லை. கல்லூரிகளும் வேலை தருவோரும் நுழைவுத் தேர்வு முகமைகளும் அதைத் தொடர்ந்து கேட்டன. எனவே, முன்னர் ஒத்திகையாகக் கருதி எழுதப்பட்ட தேர்வுகளின் மதிப்பெண்கள் பின்னோக்கிச் சென்று எடுக்கப்பட்டு இறுதி மதிப்பெண்களாக மாற்றப்பட்டன. மாணவர்கள் அடைந்த பாதிப்பில் பெரும்பகுதி இந்த மாற்றத்திலிருந்தே தோன்றியது. இக்கட்டுரை அதை விளக்குகிறது. எடுத்துக்காட்டாகத் திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவு நகரமான ஆரணியை எடுத்துக்கொள்கிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பின் முடிவிலும் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவிலும் பொதுத் தேர்வுகள் நடைபெறுகின்றன. இவற்றை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. மாநிலம் முழுவதற்கும் வினாத்தாள் ஒன்றே. மாணவரை அறியாத வேறொரு பள்ளியின் ஆசிரியர், எழுதியவர் யார் என்று தெரியாமலேயே விடைத்தாளைத் திருத்துவார். பொதுத் தேர்வின் மீது பல குறைகள் கூறப்படுவதுண்டு. மனப்பாடத்தை வளர்க்கிறது என்பது அவற்றுள் முதன்மையானது. ஆயினும் எழுதியவரின் பெயர், ஊர், பெற்றோர் தொழில் எதுவும் திருத்துபவருக்குத் தெரியாது என்பது அதன் ஒரு நற்பண்பு. சிற்றூர்ப் பள்ளி மாணவர் ஒருவர், பெருநகரத் தனியார் பள்ளி மாணவரோடு ஒரே அளவுகோலில் நிறுத்தப்படும் முதல் இடம் அதுவாகும்.

2017–18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. ஆனால் 2018 செப்டம்பரில், கல்லூரிச் சேர்க்கைக்குப் பதினோராம் வகுப்பு மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படாது என அரசு அறிவித்தது. அதன் பின்னர் அத்தேர்வில் தேறினாலே போதும் என்ற எண்ணம் மாணவரிடையே பரவியது. இச்செய்தியை நினைவில் கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

பொதுத் தேர்வுகளுக்கு முன்னர் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வும் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் நடைபெறும். இவற்றின் விடைத்தாள்களை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே திருத்துவர். சில பள்ளிகள் மாணவரை உழைக்கவைக்கக் கடுமையாகவும், சில பள்ளிகள் ஊக்குவிக்கத் தாராளமாகவும் மதிப்பெண் இடுவது வழக்கம். முடிவில் பொதுத் தேர்வு ஒன்று இருந்ததால் இந்த வேறுபாடு யாரையும் பெரிதாகப் பாதிக்கவில்லை.

பெருந்தொற்று வருமுன்னரே 2019–20 ஆம் ஆண்டில் ஓர் இரத்து நிகழ்ந்தது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு நடத்தப்படும் என 2019 செப்டம்பரில் வெளியான அரசாணை, கடும் எதிர்ப்புக்குப் பிறகு பெப்ரவரி 4, 2020 அன்று கைவிடப்பட்டது. இது கல்விக் கொள்கை பற்றிய தனி விவாதமாகும்.

ஆரணியும் பள்ளியும்

ஆரணி கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த நகராட்சி. பட்டுச் சேலைக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும். நகரத்திலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் நெசவு வீட்டுக்குள்ளேயே நடைபெறுகிறது. குழித்தறி இருக்கும் அறையே பல வீடுகளில் படுக்கும் அறையும் படிக்கும் அறையுமாகும். ஒருவர் தறியில் அமர்ந்தால், தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, பாவு பிணைக்க உதவுவது எனச் சிறு வேலைகள் மற்றவர்கள் மீது விழும். பெரும்பாலானோர் தறி முதலாளியிடமிருந்து பட்டும் சரிகையும் பெற்றுச் சேலைக்கு இவ்வளவு எனக் கூலிக்கு நெய்பவர்கள். சேலை தறியிலிருந்து இறங்கினால்தான் கூலி.

பட்டு நெசவில் குழந்தை உழைப்பு நீண்ட வரலாறு உடையது. கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் சேர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இடத்தில் சிறுவர்களை அமர்த்துவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உழைத்ததை, அண்டை நகரமான காஞ்சிபுரத்தில் ஆய்வு செய்து மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003 ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. நெசவு நகரங்களில் பிள்ளைகள் பள்ளியில் நிலைத்ததற்குச் சட்டமும் மதிய உணவும் மட்டும் காரணமல்ல. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தறியை விட்டு வெளியேறும் வாயில் என்ற நம்பிக்கையும் ஒரு காரணமாகும். ஆகவே அச்சான்றிதழில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பது இங்கு எளிய செய்தி அன்று.

நெசவுக்கு ஒரு பருவமும் உண்டு. ஆடியில் தேவை குறையும். ஆவணி முகூர்த்தத்திலிருந்து தீபாவளி வரை ஏறும். 2019 ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 27 அன்று வந்தது. அதாவது, தறிவீட்டில் உதவிக் கை மிகுதியாகத் தேவைப்பட்ட வாரங்களில்தான் அவ்வாண்டின் காலாண்டுத் தேர்வு நடைபெற்றது.

2020: தள்ளிவைப்பும் இரத்தும்

2020 ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 27 அன்று தொடங்குவதாக இருந்தது. மார்ச் 21 அன்று அது ஏப்ரல் நடுப்பகுதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நாடு தழுவிய ஊரடங்கு வந்ததால் அந்நாளும் கடந்தது. மே மாதத்தில், ஜூன் 1 முதல் தேர்வு என அறிவிக்கப்பட்டது. ஒரு வாரத்தில் அது ஜூன் 15 ஆயிற்று. அறைக்குப் பத்துப் பேர், தத்தம் பள்ளியிலேயே தேர்வு, ஒவ்வொருவருக்கும் முகக்கவசம் என ஏற்பாடுகள் செய்யப்பட்டன. நுழைவுச்சீட்டு வழங்கலும் தொடங்கியது. ஜூன் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற வகையில் அரசிடம் கேள்வி எழுப்பியது. மறுநாள், ஜூன் 9, 2020 அன்று, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி தேர்வை இரத்துச் செய்வதாக அறிவித்தார்.

ஆக, மாணவர் ஒருவர் ஒரே தேர்வுக்கு நான்கு தேதிகளை முன்வைத்துப் படித்தார், நான்கும் நடைபெறவில்லை. வேலை நின்று, கூலி நின்று, கடைகள் பூட்டிக் கிடந்த நெசவாளர் வீட்டில் அந்த எண்பது நாட்களும் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பது எளிதன்று. வீட்டுக்கு ஒரு திறன்பேசி இருந்தால் அதுவே பெரிது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் உதவின. ஆயினும் தொலைக்காட்சியிடம் ஐயம் கேட்க இயலாது.

பன்னிரண்டாம் வகுப்பினர் ஓரளவு தப்பினர். அவர்களது தேர்வு மார்ச் 2 முதல் 24 வரை நடைபெற்றது. கடைசி நாளில் பேருந்துகள் குறைந்ததால் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுத வரவில்லை. அவர்களுக்கு ஜூலை 27 அன்று மறுதேர்வு வைக்கப்பட்டது. வந்தவர் மிகச் சிலரே. பதினோராம் வகுப்பினருக்கு மார்ச் 26 அன்று நடைபெற வேண்டிய ஒரு தேர்வு மட்டும் இரத்தாகியது. ஒன்று முதல் ஒன்பது வரையிலான வகுப்புகள் ஆண்டுத் தேர்வு இன்றியே தேர்ச்சி பெற்றதாக மார்ச் 25 அன்றே அறிவிக்கப்பட்டுவிட்டது.

எண்பதும் இருபதும்

இரத்தான பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிலாக 2020 இல் கையாளப்பட்ட வாய்பாடு எளியது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களிலிருந்து 80 விழுக்காடு. வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடு. முடிவுகள் ஆகஸ்ட் 10, 2020 அன்று வெளியாயின. தேர்ச்சி விழுக்காடு 100.

நூறு விழுக்காடு என்ற எண்ணுக்குள் மறைந்திருப்பதைச் சற்று விரித்துப் பார்க்கலாம். நகரத்தின் தனியார் பள்ளியில் படித்த மாணவருக்கு வருகைப் பதிவு முழுமையாக இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தறிக்கு உதவ நின்றுவிட்டு, கடைசி மூன்று மாதங்களில் ஊன்றிப் படித்துப் பொதுத் தேர்வில் ஈடுகட்டலாம் என்று எண்ணிய மாணவருக்கு இந்த வாய்பாடு இரண்டு வகையில் பாதகமானது. விடுபட்ட நாட்கள் வருகையில் குறைந்தன; அந்த நாட்களின் பாடம் காலாண்டு மதிப்பெண்ணிலும் குறைந்தது. ஒரே காரணம் இரண்டு முறை கணக்கிடப்பட்டது எனலாம். அவர் உழைக்கத் திட்டமிட்டிருந்த மூன்று மாதங்களுக்கு வாய்பாட்டில் இடமே இல்லை.

காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை எழுதாமல் விட்டவர்கள் நிலை இன்னும் சிக்கலானது. பதிவு செய்த மாணவர் எண்ணிக்கைக்கும் முடிவு வெளியான எண்ணிக்கைக்கும் இடையே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேறுபாடு இருந்தது. அது குறித்துக் கேள்விகள் எழுந்தன. இடைநின்றோர், இறந்தோர், ஒத்திகைத் தேர்வுகளுக்கு வராதோர் ஆகியோர் அதில் அடங்குவர் எனத் தேர்வுத் துறை விளக்கமளித்தது.

2021: இரண்டாவது ஆண்டு

2020 மார்ச் நடுவில் மூடப்பட்ட பள்ளிகள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஜனவரி 19, 2021 அன்றும், ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளுக்குப் பெப்ரவரி 8 அன்றும் திறந்தன. பெப்ரவரி 25 அன்று, சட்டமன்றத்தில் 110 ஆம் விதியின் கீழ், ஒன்பது, பத்து, பதினோராம் வகுப்பு மாணவர்கள் தேர்வின்றித் தேர்ச்சி பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அடுத்த நாள் சட்டமன்றத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. பள்ளி திறந்து சில வாரங்களே ஆன நிலையில் வந்த இந்த அறிவிப்பு, வகுப்பறையில் எஞ்சியிருந்த ஆர்வத்தையும் குறைத்தது.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மட்டும் மே 3 அன்று தொடங்குவதாக எஞ்சியிருந்தது. வாக்கு எண்ணிக்கை மே 2 என்பதால் முதல் தேர்வு மே 31க்கு மாற்றப்பட்டது. இரண்டாம் அலை எழுந்ததும் ஏப்ரல் 18 அன்று எல்லாத் தேர்வுகளும் தள்ளிவைக்கப்பட்டன. ஜூன் 1 அன்று நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு இரத்தாகியது. ஜூன் 5 அன்று புதிய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மாநிலத் தேர்வையும் இரத்துச் செய்தார். இரண்டாம் அலையின் உயிரிழப்புகளைக் கருதும்போது, இந்த முடிவைத் தவறு என்று கூற இடமில்லை. அதன் பிறகு மதிப்பெண் வழங்கப்பட்ட முறையே ஆய்வுக்குரியது.

ஜூன் 26 அன்று அறிவிக்கப்பட்ட முறையின்படி, ஒவ்வொரு பாடத்துக்கும் பத்தாம் வகுப்பில் மிகுதியாகப் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50, பதினோராம் வகுப்பின் எழுத்துத் தேர்விலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைத் தேர்விலிருந்தும் அக மதிப்பீட்டிலிருந்தும் 30 என மொத்தம் 100 மதிப்பெண் கணக்கிடப்பட்டது. செய்முறை இல்லாத பாடங்களில் பத்து மதிப்பெண் அக மதிப்பீடு முப்பதாகப் பெருக்கப்பட்டது.

கற்பனையாக ஒரு வணிகவியல் மாணவரை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் அவரது மேலான மூன்று மதிப்பெண்கள் 90, 84, 78. சராசரி 84, அதில் பாதி 42. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் 90க்கு 63. இருபதுக்கு அது 14. பள்ளி வழங்கிய அக மதிப்பீடு பத்துக்குப் பத்து. முப்பதுக்கு அது 30. மொத்தம் 86. இதே மாணவருக்கு ஆசிரியர் பத்துக்கு எட்டு இட்டிருந்தால் மொத்தம் 80 ஆகிவிடும். ஆசிரியரின் பேனா ஒரு மதிப்பெண் அசைந்தால் இறுதியில் மூன்று மதிப்பெண் அசைகிறது. பெரும்பாலான பள்ளிகள் அக மதிப்பீட்டைத் தாராளமாக வழங்குவது உண்மையே. ஆனால் நேர்மையாகக் குறைத்து இட்ட பள்ளியின் மாணவர் அதற்கு மூன்று மடங்கு விலை கொடுத்தார்.

இன்னொரு விளைவும் கவனிக்கத்தக்கது. அந்த 84 என்ற சராசரி எல்லாப் பாடங்களுக்கும் ஒன்றே. பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் ஆகிய மூன்றில் சிறந்த ஒருவரது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் மதிப்பெண்ணில் பாதி, அந்த மூன்று பாடங்களிலிருந்தே வந்தது. கணக்கில் கொள்ளப்படாது என்று 2018 இல் சொல்லப்பட்ட பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணும் கணக்கில் வந்தது. அந்த வாக்கை நம்பிப் படிப்பைச் சற்றுத் தளர்த்தியவர்கள் அதன் பலனை அனுபவித்தனர்.

ஜூலை 19, 2021 அன்று 8,16,473 மாணவர்களுக்கு முடிவு வெளியாயிற்று. மதிப்பெண்கள் தசம எண்களில் வழங்கப்பட்டன. சேர்க்கையின்போது பலர் ஒரே மதிப்பெண்ணில் நிற்பதைக் குறைப்பது இதன் நோக்கம். ஆனால் உள்ளீடாக எடுத்த எண்கள் துல்லியமற்றவையாக இருக்கையில் வெளியீட்டைப் புள்ளிக்குப் பின் இரண்டு இடம் வரை எழுதுவதால் அது துல்லியமாகிவிடாது. பொறியியல் மாணவர்களுக்கு முதலாண்டில் கற்பிக்கப்படும் பாடம் இது.

மதிப்பெண்ணில் மனநிறைவு இல்லாதோர் ஆகஸ்ட் மாதத் தேர்வை எழுதலாம் என்றும், அதில் பெறும் மதிப்பெண்ணே இறுதியானது என்றும் அரசு அறிவித்தது. தனித்தேர்வர்களுக்கோ இந்தத் தெரிவு இல்லை. பள்ளியை இடையில் விட்டுத் தறியிலோ வேறு வேலையிலோ அமர்ந்து, பின்னர் தாமாகப் படித்து எழுத வருவோர் பெரும்பாலும் தனித்தேர்வர்களே. அவர்களுக்கு வருகைப் பதிவோ அரையாண்டு மதிப்பெண்ணோ இல்லாததால் "ஆல் பாஸ்" பொருந்தவில்லை. 2020 செப்டம்பரிலும் 2021 ஆகஸ்ட், செப்டம்பரிலும் அவர்கள் தேர்வுக்கூடம் சென்று எழுதியே தீர வேண்டியிருந்தது. இரு ஆண்டுகளிலும் சலுகையின் வெளியே நின்றவர்கள் இவர்கள்.

மதிப்பெண் இல்லாத சான்றிதழ்

2020–21 இன் பத்தாம் வகுப்பினர் நிலை வேறு எவருக்கும் நேராதது. அவர்களுக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு எதுவும் மாநில அளவில் நடைபெறவில்லை. எனவே வாய்பாட்டுக்கு இடவேண்டிய எண்ணே இல்லை. சான்றிதழில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே "தேர்ச்சி" என்று மட்டுமே அச்சிடப்பட்டது. பதினோராம் வகுப்பிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் சேர்வதற்கு ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் நாடப்பட்டது. ஆனால் அவர்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்த 2019–20 ஆம் ஆண்டிலும் ஆண்டுத் தேர்வு நடைபெறவில்லை என்பதை மேலே கண்டோம். ஓர் இரத்தின் பள்ளத்தை நிரப்ப முந்தைய இரத்தின் மண் எடுக்கப்பட்டது.

சிக்கல் 2022 டிசம்பரில் மீண்டும் தலைதூக்கியது. இந்திய தொழில்நுட்பக் கழகங்கள், தேசிய தொழில்நுட்பக் கழகங்கள் ஆகியவற்றில் சேர்வதற்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் இணைய விண்ணப்பத்தில், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை நிரப்புவது கட்டாயமாக இருந்தது. தமிழ்நாட்டு மாணவர்களிடம் நிரப்ப எண் இல்லை. கட்டாயப் புலம் ஒன்று வெறுமையாக இருந்தால் மென்பொருள் அடுத்த பக்கத்துக்குச் செல்லாது. காரணத்தை அதனிடம் விளக்கவும் முடியாது. படிவத்தை வடிவமைத்தவர், பத்தாம் வகுப்பு தேறிய ஒருவரிடம் மதிப்பெண் இல்லாமல் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். மாநில அரசு தேசியத் தேர்வு முகமையிடம் முறையிட்ட பின்னர், இம்மாணவர்களுக்கு அந்தப் புலத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பெருநகரப் பயிற்சி மையத்தில் படிப்பவருக்கு இத்தகைய செய்தி அன்றே எட்டிவிடும். விண்ணப்பம் நின்றுபோனது தன் தவறு என எண்ணி இணைய மையத்திலிருந்து எழுந்து செல்பவருக்கு எட்டாது.

இதே போன்ற கதவுகள் இன்னும் உள்ளன. அஞ்சல் துறையின் கிராமப்புற அஞ்சல் ஊழியர் பணிக்குத் தனித் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. சிற்றூர் இளைஞர் பலர் நாடும் வேலை இது. மதிப்பெண் இல்லாத சான்றிதழை அத்தகைய வரிசையின் எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்வி, அச்சான்றிதழை வைத்திருப்போர் வேலை தேடும் காலம் முழுவதும் உடன் வரும்.

மருத்துவத்துக்கான நீட் தேர்வு இவ்விரு ஆண்டுகளிலும் தள்ளிப்போனதே தவிர இரத்தாகவில்லை. 2020 இல் செப்டம்பர் 13 அன்றும் 2021 இல் செப்டம்பர் 12 அன்றும் அது நடைபெற்றது. கட்டணம் செலுத்திப் பயிற்சி பெற்றவருக்குத் தம் திறனைக் காட்ட ஒரு தேர்வு எஞ்சியிருந்தது. பள்ளிப் பாடத்தை மட்டுமே நம்பியிருந்தவருக்கு இருந்த ஒரே தேர்வு இரத்தாகியது.

மூன்று அணிகள்

எந்த மாணவர் எதை இழந்தார் என்பதைக் கல்வியாண்டு வாரியாகப் பார்ப்பதைவிட மாணவர் அணி வாரியாகப் பார்த்தால் தெளிவாகும்.

2021 இல் பள்ளியை முடித்த அணி, 2019 இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியது. 2020 இல் பதினோராம் வகுப்பில் ஒரு தாளைத் தவிர மற்றவற்றை எழுதியது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை மட்டும் இழந்தது.

2020 இல் பத்தாம் வகுப்பில் இருந்த அணி அத்தேர்வை இழந்தது. 2021 இல் பதினோராம் வகுப்புத் தேர்வையும் இழந்தது. 2022 மே மாதம் நடைபெற்ற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே இவர்களது வாழ்வின் முதல் பொதுத் தேர்வாயிற்று. பத்தாம் வகுப்பில் பெறும் தேர்வுக்கூடப் பழக்கமும் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதும் பழக்கமும் இன்றி, உயர்கல்வியைத் தீர்மானிக்கும் தேர்வில் நேரே அமர்ந்தனர். குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் நடைபெற்ற அத்தேர்வில் 93.76 விழுக்காட்டினர் தேறினர். அஞ்சியதைவிட நல்ல முடிவு.

இவ்வணியினரின் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்வு ஆரணி அமைந்துள்ள மாவட்டத்தோடு தொடர்புடையது. 2021–22 இல் அரையாண்டுத் தேர்வுக்குப் பதிலாகத் திருப்புதல் தேர்வுகள் மாநிலம் முழுவதும் பொது வினாத்தாளுடன் திட்டமிடப்பட்டன. மூன்றாம் முறையும் பொதுத் தேர்வு இரத்தானால் இம்மதிப்பெண்களே கைகொடுக்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. ஒத்திகையே இறுதியாகிவிடலாம் என்பதை இரண்டு ஆண்டுகள் கற்பித்திருந்தன. 2022 பெப்ரவரியில் அந்த வினாத்தாள்கள் முன்கூட்டியே சமூக ஊடகங்களில் வெளியாயின. திருவண்ணாமலை மாவட்டத்தின் தனியார் பள்ளிகளிலிருந்து கசிந்ததாக விசாரணையில் கூறப்பட்டது. திருப்புதல் தேர்வு வெறும் ஒத்திகையாகக் கருதப்பட்ட காலத்தில் அதன் வினாத்தாளைக் கசியவிட எவருக்கும் தேவை இருந்திராது.

2021 இல் பத்தாம் வகுப்பில் இருந்த அணியே மிகவும் பேசப்பட்டது. மதிப்பெண் இல்லாத சான்றிதழைப் பெற்றவர்கள் இவர்களே. 2022 மே மாதம் பதினோராம் வகுப்புத் தேர்வையும், 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வையும் எழுத வேண்டியவர்கள். மார்ச் 13, 2023 அன்று நடைபெற்ற மொழிப்பாடத் தேர்வுக்குச் சுமார் 50,000 மாணவர்கள் வரவில்லை. இது சட்டமன்றம் வரை பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. பத்தாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி பெற்றதால் வழக்கத்தைவிட மிகுதியானோர் பதினோராம் வகுப்புக்கு வந்தனர் என்றும், அவர்களுள் பலர் பின்னர் பள்ளிக்கு வராத போதிலும் பெயர் பதிவேட்டில் நீடித்தது என்றும் பள்ளிக் கல்வித் துறை விளக்கியது.

இந்த விளக்கத்தை எளிய மொழியில் கூறினால்: பள்ளியை விட்டு நின்றவர்கள் 2023 மார்ச்சில் நின்றவர்கள் அல்லர். பள்ளிகள் மூடியிருந்த பத்து மாதங்களிலோ அதற்கடுத்த ஆண்டிலோ அவர்கள் வேலைக்குச் சென்றுவிட்டனர். பெண்களுள் சிலருக்குத் திருமணமும் ஆகியிருக்கும். தறிவீட்டில் அமர்ந்த கை பழகிவிட்டால், கூலியில் ஒரு பங்கு அக்கையினது என்றாகிவிட்டால், மீண்டும் அதைப் புத்தகத்துக்கு அனுப்புவது கடினம். வழக்கமான ஆண்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு இப்படி நிற்பவர்களை உடனே வெளிக்காட்டியிருக்கும்; ஆசிரியர் வீடு தேடிச் சென்றிருப்பார்; துணைத் தேர்வு இருந்திருக்கும். "தேர்ச்சி" என்ற சொல் அந்த எச்சரிக்கையை இரண்டு ஆண்டுகள் மறைத்து வைத்தது.

2023 இன் தேர்ச்சி விழுக்காடு 94.03 என அறிவிக்கப்பட்டது. தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுதியவர்களைக் கொண்டே கணக்கிடப்படுவதால், வராதவர்கள் அதில் இடம்பெறுவதில்லை. அரசு வராதோரைத் துணைத் தேர்வுக்கு அழைத்துவரப் பெற்றோர் கூட்டங்களையும் சிறப்பு வகுப்புகளையும் நடத்தியது.

பிற நாடுகளில்

இலங்கை வேறு வழியைத் தெரிந்தெடுத்தது. அங்கு தேர்வுகள் இரத்தாகவில்லை. மீண்டும் மீண்டும் தள்ளிப்போயின. 2020 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சிலும், 2021 ஆம் ஆண்டுக்குரியது 2022 மே மாதத்திலும் நடைபெற்றன. உயர்தரப் பரீட்சை 2021க்குரியது 2022 பெப்ரவரியிலும், 2022க்குரியது 2023 தொடக்கத்திலும் நடைபெற்றன. யாழ்ப்பாணத்து மாணவர் ஆரணி மாணவரைப் போல மதிப்பெண் இல்லாத சான்றிதழைப் பெறவில்லை. ஆனால் பல்கலைக்கழக வாயிலை அடையப் பல மாதங்களைக் காத்திருப்பில் செலவிட்டார். அம்மாதங்களில் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது. வீட்டில் வருவாய் தேவைப்படும் மாணவருக்குக் காத்திருப்பும் ஓர் இழப்பே.

இங்கிலாந்தில் 2020 இல் தேர்வுகள் இரத்தாகி, ஆசிரியர் மதிப்பீட்டைப் பள்ளியின் பழைய தேர்ச்சி நிலையைக் கொண்டு திருத்தும் கணினி வழிமுறை ஒன்று கையாளப்பட்டது. ஆகஸ்ட் 13 அன்று வெளியான முடிவில் ஆசிரியர்கள் அளித்த தரங்களுள் ஏறத்தாழ 39 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தன. பின்தங்கிய பள்ளியில் படித்த திறமையான மாணவர், தமக்கு முன் அங்கு படித்தவர்களின் மதிப்பெண்ணுக்காகத் தண்டிக்கப்பட்டார். போராட்டங்களுக்குப் பிறகு ஆகஸ்ட் 17 அன்று அது கைவிடப்பட்டது. தமிழ்நாட்டின் வாய்பாடுகள் பள்ளியின் கடந்தகாலத்தைத் தொடவில்லை என்பதால் இந்த ஒரு அநீதி இங்கு நிகழவில்லை.

பின்னைய மாற்றங்கள்

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், பள்ளிகள் மூடியிருந்தபோது ஏற்பட்ட கற்றல் இழப்பைத் தன்னார்வலர்களைக் கொண்டு ஈடுகட்ட முயன்றது. அது ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கானது. மேலே கூறிய மூன்று அணிகளும் அதன் வரம்புக்குள் வரவில்லை.

2025 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025–26 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. மாணவர் சுமையைக் குறைக்கும் இம்முடிவைப் பலரும் வரவேற்றனர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு இனியொரு முறை இரத்தாக நேர்ந்தால் 2021 இன் வாய்பாட்டை அப்படியே பயன்படுத்த இயலாது. அதில் 20 மதிப்பெண்ணுக்குரிய பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு இப்போது இல்லை.